லேபிளம்மாவின் குரல்

பொம்மை செத்தது லேபிளால்தான். பயிற்சி அறை மேஜையில் கிடந்த மொட்டைத்தலை ரப்பர்க் குழந்தைக்கு மூச்சு நின்றுவிட்டதாகப் பயிற்சி கொடுக்கும் நர்ஸ் கத்தினாள். மருந்து எடுத்துக்கொடுக்க வேண்டியவள், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு இப்போது அவசரப் பிரிவு வேலைக்கும் பழக வந்தவள். சரியான மருந்தைச் சரியான அளவில் சிரிஞ்சில் எடுத்தாள். எடுத்தவள் அதைக் கொடுக்காமல், பழக்கதோஷத்தில், லேபிள் அச்சடிக்கப் பக்கத்து அறைக்கு ஓடினாள். லேபிள் இல்லாத மருந்து அவள் கையைவிட்டு ஒருநாளும் போனதில்லை. அந்த அச்சு மெஷினோ பெயர், வயது, படுக்கை எண் எல்லாம் விசாரித்துவிட்டு ஆற அமரத்தான் வேலையைத் தொடங்கும். அவள் திரும்பி வந்தபோது பொம்மையின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு லேபிளம்மா என்று பேர். எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். அப்புறம் கழிப்பறைக்குப் போய் அழுதாள்.

"விடுங்கக்கா, பொம்மதானே" என்றாள் நர்ஸ். "பிளாஸ்டர் துண்டுல பேனாவால எழுதி ஒட்டுங்க, அது போதும். ஆனா ஒண்ணு. டாக்டர் அளவு சொன்னதும், உங்க கையில என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரி திருப்பிச் சொல்லணும். நீங்க மனசுக்குள்ளயே சொல்லிக்கிறீங்க."

பிளாஸ்டர் சுலபமாகக் கைவந்தது. சத்தம்தான் வரவில்லை. பதினெட்டு வருஷமாகக் கண்ணாடித் தடுப்பின் சின்ன ஓட்டை வழியாகவே உலகத்தோடு பேசிவந்தவள் அவள். வீட்டில் தலையணையைக் கிடத்திவைத்து ஒத்திகை பார்த்தபோதும் முனகல்தான் வந்தது. கணவன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் யோசனை சொன்னான்: "நீ சத்தம் போடுற ஒரே ஆளு நான்தான். டாக்டரையும் நான்னு நெனச்சுக்கோ."

மூன்றாவது வாரம், புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, அவசரப் பிரிவிலிருந்து மணி அடித்தது. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மூன்று வயதுப் பெண் குழந்தை. நிலக்கடலை பிஸ்கட் தின்றிருக்கிறது, உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உதடு தடித்து, கண் இரண்டும் கோடாகிப்போய், ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்கியது. சுவரோரம் நின்ற அம்மாவின் கையில் குழந்தையின் ஒற்றைச் செருப்பு. பதினாலு கிலோ என்று நர்ஸ் எடையைச் சொன்னாள்.

"அட்ரினலின், ஒண்ணு புள்ளி நாலு மில்லி, தொடையில" என்றார் டாக்டர், குழந்தையின் முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடியைப் பொருத்திக்கொண்டே.

லேபிளம்மாவின் விரல்கள் அதற்குள் ஆம்பூல் என்கிற கண்ணாடிக் குப்பியை உடைத்து, கணக்குப்படி எடுத்து, பிளாஸ்டரில் எழுதி ஒட்டியிருந்தன. 0.14. டாக்டர் சொன்னது நீர்க்கக் கலந்த மருந்துக்கான அளவு, இதயம் நின்றுபோனால் நரம்பில் ஏற்றுவது. அவள் கையிலிருந்ததோ கலக்காத மருந்து. நல்ல டாக்டர்தான். அவசரத்தில் ஓர் அளவு இன்னொன்றின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

"பூஜ்யம் புள்ளி..." என்றாள். அவள் காதிலேயே விழவில்லை.

டாக்டர் கையை நீட்டினார். சிரிஞ்சைப் பார்த்து முகம் சுளித்தார். "பத்தாது. ஒண்ணு புள்ளி நாலுன்னேனே! இன்னும் எடுங்க!"

 துணி மூடிய பொம்மை முகம் கண்ணுக்குள் வந்து போனது. அப்போதுதான் அந்தக் குரல் வந்தது, கணவன் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடும்போதெல்லாம் அவளிடமிருந்து கிளம்புகிற அதே குரல்.

"டாக்டர்! இது கலக்காத ஆம்பூல்! பதினாலு கிலோவுக்குப் பூஜ்யம் புள்ளி ஒண்ணு நாலு! நீங்க சொல்றது பத்து மடங்கு!"

அறையே திரும்பிப் பார்த்தது. டாக்டர் ஒரு நொடி அவளைப் பார்த்தார், பிளாஸ்டரைப் பார்த்தார்.

"ஆமா. பூஜ்யம் புள்ளி ஒண்ணு நாலு. அதுதான் சரி, குடுங்க."

ஊசி தொடையில் இறங்கியது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷங்களை எண்ணினாள். பிறகு இழுப்பு கொஞ்சம் தளர்ந்தது. இன்னும் கொஞ்சம் தளர்ந்தது. கோடாயிருந்த கண்ணில் ஒன்று லேசாகத் திறந்து, முகமூடியையும் சுற்றி நின்ற கூட்டத்தையும் பார்த்தது. பார்த்ததும் வீறிட்டு அழ ஆரம்பித்தது குழந்தை. அம்மா செருப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். லேபிளம்மா காலிக் குப்பியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். உயிர் வந்தது என்றால் அவளுக்கும்தான் வந்தது.

கை கழுவும் இடத்தில் டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். "நல்லவேளை, கத்துனீங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர். அது எங்க வீட்டுக்காரருக்குன்னு வச்சிருக்கிற குரல்."

"அவருக்கு என் அனுதாபத்தச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டுக் குழாயை மூடாமலே போனார்.

மருந்தகத்தில் வரிசை நீண்டுவிட்டிருந்தது. முன்னால் நின்ற பெரியவர் சீட்டை நீட்டி, "யாரு புள்ளம்மா இது, இந்தக் கத்து கத்துது?" என்று அலுத்துக்கொண்டார். அச்சு மெஷின் முனகியபடி முதல் லேபிளைத் துப்ப ஆரம்பித்தது. நடைவழியின் அந்தக் கோடியிலிருந்து அழுகை வந்துகொண்டேயிருந்தது, தடுப்புக்கு இந்தப் பக்கம் மங்கலாக. அவள் எட்டி, எத்தனையோ வருஷமாகத் திறக்காத தடுப்புக் கண்ணாடியின் கொக்கியை எடுத்து, அதைக் கடைசிவரை தள்ளித் திறந்தாள்.