சத்தம் வருது

எங்கள் வீட்டில் என்னைக் கேட்காமல் யாரும் சத்தம் போட முடியாது. குக்கரைத் திறக்கப் போனாலும் சரி, அலுமாரிக் கதவை இழுக்கப் போனாலும் சரி, என் கணவர் எமில் முதலில் "சத்தம் வருது" என்று சொல்ல வேண்டும். நான் "வரட்டும்" என்று சொன்ன பிறகுதான் அவருடைய கை அசையும். வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டு பேருக்கும் விசர் என்று நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

என் காது அப்படி. கேளாத காது இல்லை, மிதமிஞ்சிக் கேட்கிற காது. சீமெந்து நிலத்தில் ஒரு கரண்டி விழுந்தால் அந்தச் சத்தம் காதோடு நிற்காது. பல்லுக்குள் போகும், பிடரிக்குப் போகும், பிறகு கொஞ்ச நேரத்துக்கு நான் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். காதில் குறையொன்றும் இல்லை, சிலருக்கு இப்படி இருக்கும் என்றார் டொக்டர். அம்மாவோ இதெல்லாம் செல்லம் என்றார்.

இப்படிப்பட்ட என்னைக் கட்டிக்கொண்டவர் கிற்றார் அடிக்கிறவர். அதுவும் ஊர் கேட்கிற பாட்டுக்கு அடிப்பதில்லை. பகலில் மீனவர் சங்கக் கந்தோரில் சாதுவாக இருந்து வேலை பார்க்கிற மனுஷன், பொழுதுபட்டால் மீன் பிடிக்கிற தங்கூசி நூலைக் கிற்றார்க் கம்பியில் போட்டு இழுத்து ஊளையிட வைப்பார். அவரோடு சேர்ந்து உயிலங்குளத்துச் சுகந்தன் ட்ரம்மோடு சேர்த்துத் தகரப் பீப்பா ஒன்றையும் வைத்து அடிப்பான். முசலியிலிருந்து வருகிற ஸப்ராஸ், போட் இஞ்சின், காற்று, அலை என்று போனில் பிடித்து வைத்ததையெல்லாம் ஸ்பீக்கர் பெட்டிக்குள் விட்டுப் பெருக்குவான். இது றொக் என்றார் எமில். பாட்டு எப்போது தொடங்கும் என்று கேட்டேன். தொடங்கி வெகு நேரமாகிறது என்றார்.

என்னை நினைத்துத்தான் அவர்கள் வீட்டில் பழகவில்லை. தோட்டவெளியில் பாவனையில்லாத ஐஸ் அறை ஒன்றைக் கேட்டு எடுத்தார்கள். சுவருக்குள் குளிர் போகாமல் றெஜிபோம் அட்டை அடைத்த அறை என்பதால் கதவைச் சாத்தினால் சத்தம் வெளியே போகாது. ஒருநாள் நான் அவர்களுக்குக் குடிக்கப் பிளேன்ரீ ஊற்றிக் கொண்டுபோனேன். இரண்டு நிமிடத்தில் ஓடிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் போனேன். போனவள் மீன் பெட்டியொன்றைக் கவிழ்த்து வைத்து, திறந்திருந்த கதவோரம் இருந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. மற்றச் சத்தங்கள் எல்லாம் என் மேல் பாய்கிறவை. மீன் வண்டிக்காரனின் ஹோர்ன், கலியாண வீட்டு ட்ரம், தட்டில் கீறுகிற கரண்டி எதுவும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. எமிலின் கிற்றார் அப்படி இல்லை. தூரக் கடலில் ஒரு போட் வருகிற மாதிரி மெல்ல இரையத் தொடங்கும். வருகிறது என்று தெரியும், அதற்கு இடம் ஒதுக்க எனக்கு அவகாசம் இருக்கும். கிட்ட வந்த பிறகு நெஞ்சை அழுத்துமே தவிர, பல்லைத் தொடாது. அந்த இரைச்சலுக்குள் நாய் குரைப்பதும் கதவு அடிபடுவதும் எல்லாம் மூழ்கிவிட்டன. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் காது வேலையில்லாமல் சும்மா இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பாட்டில் கடைசி இடம் ஒன்று இருக்கிறது. அதில் சுகந்தன் பீப்பாவில் ஓங்கிப் போட, மூன்று பேரும் ஒரே அடியாக வெடிப்பார்கள். அந்த இடம் வரும்போது நான் எழுந்து ஓடிவிடுவேன். எத்தனையோ நாள் போய் இருந்தும் முடிவுவரை ஒருநாளும் இருந்ததில்லை. எமில் பரவாயில்லை என்பார். ஆனால் முடித்ததும் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து அந்த வெறும் மீன் பெட்டியைப் பார்ப்பாராம். சுகந்தன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

இந்த வருஷத் திருநாளுக்கு முதல்நாள், வேஸ்பர் என்கிற மாலை ஆராதனை முடிந்து கோயில் வளவில் இவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி கிடைத்தது. ஊருக்கு முன்னால் முதல் தடவை.

"நீர் வராட்டியும் பரவாயில்லை. வீட்டை இரும்," என்றார் எமில்.

"வாறன். முடியுமட்டும் இருப்பன்."

"சனத்துக்கு முன்னாலை எழும்பி ஓடினால் உமக்குத்தான் வெக்கம்."

"அதுதான் ஓடமாட்டன் எண்டு சொல்லுறன்."



கோயிலுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவர் பஸ்ரியன் அண்ணை. அவருக்கும் எனக்கும் பழைய பகை. ஒவ்வொரு திருநாளுக்கும் அவர் புனல் ஸ்பீக்கரை எங்கள் வீட்டுப் பக்கமாகக் கட்டுவார், நான் போய்த் திருப்பச் சொல்லிச் சண்டை பிடிப்பேன். "மாதா பாட்டும் உமக்குக் காதிலை குத்துதோ?" என்று முறைத்துக்கொண்டே ஏறித் திருப்புவார். அடுத்த வருஷம் பழையபடி கட்டுவார். அந்த மனுஷன் மைக் 'கூ' என்று கத்துவதைத் தன் பரம எதிரியாக நினைப்பவர். அந்தச் சத்தம் எழும்ப முதலே அவருடைய விரல் அதை அமத்திவிடும்.

முன்வரிசைக் கதிரையில் இருந்தேன். கிற்றார் மெல்ல இரையத் தொடங்கியது. போட் தூரத்தில் வந்தது. என் உடம்பு இடம் விட்டது. சரி, இருந்துவிடுவேன் என்று நினைக்கிற நேரம் சத்தம் திடீரென்று சுருங்கியது. எமில் குனிந்து கூட்டினார். மறுபடி சுருங்கியது. திரும்பிப் பார்த்தால் பஸ்ரியன் அண்ணை மேசையில் குனிந்து நின்று, எமில் கூட்டக் கூட்டக் குறைத்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் பொறுமையிழந்து கிற்றாரின் வயரையே பிடுங்கினார். 'டப்' என்று ஒரு சத்தம் என் பல்லுக்குள் போனது. சனம் சிரித்தது. மேடையில் எமில் கிற்றாரைப் பார்த்தபடி நின்றார்.

எனக்குக் கோபம் என்றால் அப்படியொரு கோபம். எழுந்து நேரே அவருடைய மேசைக்குப் போனேன்.

"கத்த வேண்டாம், பிள்ளை," என்றார் பஸ்ரியன் அண்ணை என்னைக் கண்டதும். "நான் நிப்பாட்டிப்போட்டன். பாவம் பெடியள், எங்கையோ வயர் பிழை. நிண்டு இரையுது."

"வயர் பிழையில்லை அண்ணை. அதுதான் பாட்டு."

அவர் மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதோ பாட்டு?"

"ஓம். கூட்டுங்கோ."

"ஆர், நீரோ சொல்லுறீர்?"

"நான்தான் சொல்லுறன். முந்தி இருந்ததை விடக் கூட்டுங்கோ. ஆனா டப்பெண்டு போடாதேங்கோ, மெல்ல மெல்லக் கூட்டுங்கோ."

இத்தனை வருஷச் சண்டையில் அந்த மனுஷன் முறைக்காமல் நான் சொன்னதைக் கேட்டது அன்றைக்குத்தான். வயரைக் கொழுவினார். பிறகு, அவரைச் சும்மா சொல்லக்கூடாது, தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அவ்வளவு கவனமாகக் கூட்டினார். போட் திரும்ப வந்தது. கிட்ட வந்தது. வளவு முழுக்க நிறைந்தது. பின்வரிசையில் இருந்த கிழவர்கள்கூடப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

கடைசி இடம் வந்தது. சுகந்தன் தடியை ஓங்கினான். அப்போது எமில் ஒரு கையை உயர்த்தி அவனை நிறுத்திவிட்டு மைக்குக்குப் போனார். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத ஆள்.

"சத்தம் வருது," என்றார்.

"இவ்வளவு நேரமும் வந்தது என்னவாம்?" என்று யாரோ கேட்க, சனம் கொல்லென்று சிரித்தது.

எமில் சிரிக்கவில்லை, அடிக்கவும் இல்லை. கம்பிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு முன்வரிசையில் என் கதிரையைப் பார்த்தார். கதிரை வெறுமையாக இருந்தது. நான் இங்கே மேசையடியில் நிற்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருடைய முகம் விழுந்ததைக் கண்டேன். ஐஸ் அறையில் எழுந்து ஓடிவிட்டதால் நான் ஒருநாளும் காணாத முகம் அது.

ஸப்ராஸின் பெட்டி இரைந்துகொண்டே இருந்தது, என் குரல் அதைத் தாண்டாது. மேசையில் பஸ்ரியன் அண்ணையின் அறிவித்தல் மைக் கிடந்தது. எடுத்தேன். அவரே அதன் சுவிட்சைப் போட்டுவிட்டார்.

"வரட்டும்," என்றேன்.

அவர் கட்டிய அத்தனை புனலுக்குள்ளாலும் என் குரலே வந்து என் பிடரியில் அடித்தது. எமில் தலையைத் திருப்பி, என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு அடித்தார்கள்.

நொந்தது. பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே நொந்தது. ஆனால் அது சொல்லிவிட்டு வந்த நோவு. மேசை விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அது வந்து என்னைக் கடந்து போகும்வரை நின்றேன். போட் கரையைத் தாண்டி, தூரமாகி, இல்லாமல் போனது.

கண்ணைத் திறந்தபோது எமில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.