எண்பது ரோல்ஸும் ஏழாம் ஆண்டு இங்கிலீசும்

கொட்டாஞ்சேனைப் பிறிஜெற்றைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால், அவர்களுக்குப் பிறிஜெற்றைத் தெரியாது என்று அர்த்தம். நிறுத்தாமல் போகப் பார்க்கும் பஸ்ஸை நடுத்தெருவில் இறங்கிக் கைகாட்டி நிறுத்துவாள். பழைய மீனைத் தலையில் கட்டப் பார்க்கும் மீன்காரனைச் சிங்களத்தில் நாலு கேள்வி கேட்டு, அவன் வாயாலேயே "சொறி அக்கே" என்று சொல்ல வைப்பாள். அப்பேர்ப்பட்டவள் அந்தச் சனிக்கிழமை, வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்துக் கதிரை நுனியில், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காரணம் இல்லாமலா? கள்ளவேலை செய்திருந்தாள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, எட்டு மாதம்!

நடந்தது இதுதான். பிறிஜெற் வீட்டில் ரோல்ஸ், பற்றிஸ் என்று பொரித்த சிற்றுண்டி செய்து கடைகளுக்குக் கொடுப்பவள். விடிவதற்குள் எண்பது ரோல்ஸ் பொரிந்து பெட்டியில் ஏற வேண்டும். அதற்கான உருளைக்கிழங்கு அவியலும் சுருட்டலும் முதல்நாள் பின்னேரம் நடக்கும். அதே பின்னேரம் நாலரை மணிக்குத்தான் மகள் ஷாமிலாவுக்கு இங்கிலீசு வகுப்பு. ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் அறுபது பேரை வெள்ளவத்தையில் இருந்தபடியே ஃபோனில் படிப்பிக்கிறவர் ஹம்சிகா டீச்சர். கமரா போட்டால் லைன் இழுபடும் என்று எல்லோரும் கமராவை மூடித்தான் வைத்திருப்பார்கள். கேள்வி கேட்டால் பதிலை எழுத்தில் அனுப்ப வேண்டும். ஒரு பெயரில் இருந்து மூன்று தரம் பதில் வராவிட்டால் டீச்சர் வீட்டுக்குக் கோல் எடுத்துவிடுவார்.

ஷாமிலா பள்ளிக்கூடம் விட்டு, நெற்போல் பயிற்சி முடித்து, அலுத்துக் களைத்து வந்து கட்டிலில் விழுவாள். விழுந்தால் விழுந்ததுதான். முதன்முதல் அப்படி நடந்த அன்று, டீச்சர் இரண்டு தரம் "ஷாமிலா, 'கோ' எண்டதுக்கு பாஸ்ற் என்ன?" என்று கேட்டபோது, ரஸ்க் தூள் டின்னில் சாய்த்து வைத்திருந்த ஃபோனைப் பிறிஜெற் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். 'பாவம் பிள்ளை, இன்றைக்கு மட்டும்' என்று, மாவு ஒட்டிய விரலால் 'வென்ற்' என்று எழுதி அனுப்பினாள்.

"வெறி குட், ஷாமிலா!" என்றது ஃபோன்.

அந்த ஒரு வார்த்தையில் பிறிஜெற் விழுந்துபோனாள். ஒன்பதாம் ஆண்டோடு படிப்பை விட்டவளுக்கு 'வெறி குட்' சொல்ல இத்தனை வருஷத்தில் யார் இருந்தார்கள்? கடைக்காரர்கள் ரோல்ஸ் நல்லாயிருக்கு என்பார்கள், அது வேறு. மறுநாளும் பதில் எழுதினாள். அதற்கு மறுநாளும் எழுதினாள். பிறகு நாலேகால் ஆனதும் முகம் கழுவிக்கொண்டு வந்து நிற்கத் தொடங்கினாள்.

டீச்சர் சொன்னதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டே ரோல்ஸ் சுருட்டுவாள். "ஈற், ஏற், ஈற்றன். றைட், றோட், றிட்டன்." 'டிட்' வந்தால் பின்னால் வரும் வினைச்சொல் ஏன் பழையபடி நிற்கிறது என்பதை அவள் குசினியில் நின்றே பிடித்துவிட்டாள். நடந்த காலத்தை 'டிட்' தூக்கிக்கொண்டு முன்னால் போகிறது, பிறகு பின்னால் வருகிறவன் எதற்கு இன்னொரு தரம் தூக்க வேண்டும்? சும்மா கையை வீசிக்கொண்டு வரலாமே. இது விளங்கிய அன்று தனியாக நின்று சிரித்தாள்.

டீச்சருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. "பிள்ளையள், நீங்கள் உண்மையா என்ன செய்தனீங்களோ அதைத்தான் எழுத வேணும். செய்ததை எழுதினால் வேர்ப் மறக்காது" என்பார். தினமும் ஐந்து வசனம். பிறிஜெற் எவ்வளவு கள்ளவேலை செய்தாலும் இந்த விஷயத்தில் பொய் எழுத மனம் வரவில்லை. 'நான் நாலு மணிக்கு எழும்பினேன். எண்பது ரோல்ஸ் பொரித்தேன். றெஜியின் சேர்ட்டை அயர்ன் பண்ணினேன். றெஜிக்குச் சாப்பாடு கட்டினேன். றெஜியை ஏசினேன்.' இங்கிலீசில் எழுதி, வினைச்சொற்களை ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபார்த்து, மகள் பெயரில் அனுப்புவாள். றெஜி, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் அவளுடைய புருஷன். அது டீச்சருக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் ஒரு சங்கதி நடந்தது. கிளைவ் என்ற பையனுக்கு அவனுடைய அக்கா எழுதிக் கொடுத்தது பிடிபட்டு, டீச்சர் அவன் பெயரை வகுப்பில் இருந்து வெட்டிவிட்டார். "வேற ஆள் எழுதினால் பேர் வெட்டு. கதை இல்லை." அதற்கடுத்த கிழமையே செய்தி வந்தது: சனிக்கிழமை எல்லோரும் நேரில் வர வேண்டும், கெட்டிக்காரப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை டீச்சர் ஒரு சின்னக் குறூப்புக்கு எடுக்கப்போகிறார், முதலாவது பெயர் ஷாமிலா.

அந்தச் சனிக்கிழமை, கொழும்புக் கோட்டையில் இறங்கி இரத்மலானை பஸ்ஸில் ஏறியதில் இருந்து பிறிஜெற் மகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். பிள்ளை யன்னலுக்கு வெளியே கடலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. 'ஐயோ கர்த்தரே, இவளுடைய பாடத்தை நான் இருந்து தின்றுவிட்டேனே' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பம்பலப்பிட்டி தாண்டியதும் மெல்லக் கேட்டாள்.

"மகள், ஈற் எண்டதுக்கு பாஸ்ற் என்ன?"

"மம்மி, சும்மா இருங்க" என்றாள் ஷாமிலா.

சும்மா இருக்கிற ஆளா பிறிஜெற்? ஆனாலும் அன்று இருந்தாள். வருவது வரட்டும், பார்த்துக்கொள்வோம் என்று வெள்ளவத்தையில் இறங்கினாள்.

மண்டபத்தில் அறுபது பிள்ளைகளும் முன்னால், பெற்றார் பின்னால். ஹம்சிகா டீச்சரைப் பார்த்தால் முப்பது வயது இருக்காது, பருத்திச் சேலை, கறாரான முகம். பேச எழும்பியவர் ஒரு கடதாசியை விரித்தார்.

"முதலாவது பிள்ளையைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல வேணும். எட்டு மாசத்தில ஒரு நாள்கூட வேர்ப் பிழைச்சதில்லை. ஆனால் இந்தப் பிள்ளை எப்பிடிப் படிக்குது எண்டு கேளுங்கோ." வாசித்தார். நாலு மணிக்கு எழும்பியது, எண்பது ரோல்ஸ் பொரித்தது, மா குழைத்தது, அடுப்பு துடைத்தது. "வீட்டில றெஜி எண்டு ஒரு அண்ணன் இருக்கிறார் போல. அவற்ர சேர்ட்டும் இந்தப் பிள்ளைதான் அயர்ன் பண்ணுது. சாப்பாடும் இந்தப் பிள்ளைதான் கட்டிக் குடுக்குது."

மண்டபம் முழுக்க 'ச்சொச்சொ' என்றது. பிறிஜெற்றுக்குப் பக்கத்தில் இருந்த சாமினி என்ற அம்மா யாருடைய தாயோடு கதைக்கிறோம் என்று தெரியாமலே காதுக்குள் சொன்னாள்:

"பன்ரெண்டு வயசுப் பிள்ளையை இப்பிடியும் வேலை வாங்குவினமோ? மனுசரோ இதுகள்!"

டீச்சர் கடதாசியை மடித்தார். "ஷாமிலாவின்ர அம்மா வந்திருக்கிறாவோ?"

பிறிஜெற்றுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உண்மையைச் சொன்னால் மகளின் பெயர் வெட்டு. சொல்லாவிட்டால் தன் மானம் வெள்ளவத்தையில் கப்பலேறும். ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். என் மானம் போனால் போகட்டும், பிள்ளையின் இடம் நிற்கட்டும். எழும்பினாள். சாமினி கதிரையை ஒரு சாண் தள்ளிப் போட்டாள்.

"நான்தான் டீச்சர் தாய். ஓம், பிள்ளை வேலை செய்யுது. வீட்டில வேலை இருந்தா செய்யத்தானே வேணும்? நான்தான் வேலை வாங்குறன். அதுக்கு இப்ப என்ன?"

அறுபது வீட்டுச் சனமும் திரும்பி அவளை எரித்துவிடுவது போலப் பார்த்தது. பிறிஜெற் தலையைக் குனியவில்லை. கண் மட்டும் கலங்கியது, அதையும் இமைக்காமல் பிடித்து வைத்திருந்தாள்.

அப்போதுதான் முன்வரிசையில் ஷாமிலா எழும்பினாள். தாயைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்து, இங்கிலீசில், அவசரமே இல்லாமல் சொன்னாள்.

"டீச்சர், ஐ டிட் நொட் ஃபிறை த ரோல்ஸ். மை மதர் ஃபிறைட் தெம்." ஒரு மூச்சு விட்டாள். "ஐ டிட் நொட் றைட் த சென்ரன்ஸஸ். மை மதர் றோட் தெம்." பிறகு, மறந்துபோனதை ஞாபகப்படுத்திக்கொண்டவள் போல, "றெஜி இஸ் மை ஃபாதர்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. பேனையை எடுத்தார், பட்டியலில் முதல் பெயரை ஒரே கோடாக வெட்டினார். பிறிஜெற்றுக்கு அந்தக் கோடு தன் நெஞ்சில் விழுந்தது போல இருந்தது. எட்டு மாதமும் போச்சு!

"சரி" என்றார் டீச்சர். "எழுதினது அம்மா. அப்ப நீர் வகுப்பு நேரம் என்ன செய்தனீர்?"

"படுத்திருந்தன், டீச்சர்."

"நித்திரையா இருந்த பிள்ளைக்கு இவ்வளவு வேர்ப்பும் எங்கயிருந்து வந்தது?"

"முதல் ரெண்டு கிழமைதான் நித்திரை. பிறகு முழிப்புத்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டு இருந்தன். மம்மி எல்லாத்தையும் சத்தமாச் சொல்லிச் சொல்லித்தானே சுருட்டுவா."

"அப்ப ஏன் எழும்பி வரேல்ல?"

ஷாமிலா இப்போதுதான் திரும்பித் தாயைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. தமிழில்தான் சொன்னாள்.

"ஒருநாள் எழும்பி வந்தன், டீச்சர். மம்மி ஃபோனைப் பாத்துத் தனியச் சிரிச்சுக்கொண்டு நிண்டா. எங்கட மம்மி அப்பிடிச் சிரிச்சு நான் கண்டதே இல்ல. அதுதான் திரும்பிப் போய்ப் படுத்திட்டன்."

பிறிஜெற் அதற்குமேல் கண்ணீரைப் பிடித்து வைத்திருக்கவில்லை. அத்தனை பேர் பார்க்க, வெட்கமே இல்லாமல், சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தள்ளிப்போன சாமினியின் கதிரை எப்படியோ திரும்பக் கிட்ட வந்திருந்தது. முகம் துடைக்க ஒரு லேஞ்சியையும் நீட்டினாள்.

டீச்சர் பட்டியலை மறுபடி கையில் எடுத்தார். பிறகு அடியில், பன்னிரண்டாவது பெயருக்கும் கீழே, 'ஷாமிலா' என்று எழுதினார். "இது இப்ப இந்தப் பிள்ளை தன்ர வாயால கதைச்சு எடுத்த இடம். இனி எழும்பி இருந்து படிக்க வேணும், சரியோ?" முதலாவது இடம் வெட்டிய கோட்டோடு வெறுமையாக நின்றது. "அக்கா, உங்கட பேர் என்ன?"

"எனக்கு எதுக்கு டீச்சர்? பிள்ளைக்குக் கிடைச்சது காணும். நாப்பத்தொரு வயசில சின்னப் பிள்ளைகளோட இருந்து என்ன..."

"நான் பேரைத்தான் கேட்டனான். வயசைக் கேக்கேல்ல."

அடுத்த செவ்வாய்க்கிழமை நாலரை மணி. சின்னக் குறூப்பில் கமரா கட்டாயம். ரஸ்க் தூள் டின்னில் சாய்ந்த ஃபோனுக்குள் பதினொரு பிள்ளைகளின் முகம், மேலே டீச்சர். இந்தப் பக்கம் தாயும் மகளும். தாய் முகம் கழுவி, ஞாயிறு பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தாள். மகள் ரோல்ஸைக் கோணல்மாணலாகச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து உள்ளே வந்த றெஜி ஒன்றும் தெரியாமல் தோளில் துவாயோடு பின்னால் நடந்து போனார்.

"றெஜி!" என்று பதினொரு குரலும் ஒன்றாகக் கத்தின. மனுஷன் திடுக்கிட்டுத் துவாயைக் கீழே போட்டார். டீச்சரே சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் பெயர் கூப்பிட வரவு இடாப்பைத் திறந்தார். பிறிஜெற் நிமிர்ந்து நின்றாள். ஒன்பதாம் ஆண்டில் படிப்பை விட்டபிறகு எந்த இடாப்பிலும் அவள் பெயரை யாரும் வாசித்ததில்லை.

"பிறிஜெற்?"

"பிரசன்ற், டீச்சர்" என்றாள், தெருமுனை வரை கேட்கும் குரலில்.