அழவேண்டாமென்று சொன்னவள்

மய்யித்தின் முகத்தை மூடியிருந்த வெள்ளைக் கபன் துணியின் முடிச்சை அவிழ்த்து, இரண்டு பக்கமும் விலக்கிவிட்டு எழுந்தான் அஸார்.

"அம்மாவக் கூட்டிட்டு வா. சாயங்காலத் தொழுகைக்கு எடுக்கணும்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிட்டாங்க" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனான்.

நஸ்ரின் அம்மாவைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்தாள். கூடத்துக் கட்டிலில் அத்தா கிடந்தார். காலையில் பள்ளிவாசலிலிருந்து திரும்பி, உரக்கடைச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டீக்காக நாற்காலியில் உட்கார்ந்தவர். அம்மா டம்ளரோடு வந்தபோது தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. சென்னையிலிருந்து நஸ்ரின் கூத்தாநல்லூர் வந்து சேர்வதற்குள் குளிப்பாட்டிக் கபனிட்டிருந்தார்கள்.

அம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். முந்தானையை உருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. தோள் குலுங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"சபூர் செய்யிங்க ஜுலைகா, பொறுமையா இருங்க" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

"அவங்க வீட்ல யாரும் அழமாட்டாங்க. மக ஹதீஸெல்லாம் ஓதின பொண்ணு" என்றாள் இன்னொருத்தி. அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். நஸ்ரினால் தலை நிமிர முடியவில்லை.

அவள் ஓதியதெல்லாம் இங்கிலீஷில். திருச்சி கான்வென்ட்டில் படித்தவள். அரபி எழுத்துக்கூட்டத் தெரியும், பொருள் தெரியாது. தமிழில் இருந்த மார்க்கக் கிதாபுகள் அவளுக்குக் கரடுமுரடாக இருந்தன. வேலைக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் நபிமொழிகளைக் கற்பிக்கும் ஆன்லைன் ஹதீஸ் வகுப்பில் சேர்ந்தாள். வெளிநாட்டிலிருந்து ஓர் ஆசிரியர் இங்கிலீஷில் நடத்துவார். அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் சேர்ந்த புதிதில்தான் ஹாஜரா சாச்சியின் மகன் இர்ஃபான் மன்னார்குடி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து மவுத்தானான். அம்மாவின் கூடப்பிறந்த தங்கை சாச்சி. ஒரே பிள்ளை அவளுக்கு. மய்யித்தின்மேல் விழுந்து கதறினாள். இரண்டு பேர் பிடித்தும் முடியவில்லை. நஸ்ரின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, மெதுவாக, அன்பாகத்தான் சொன்னாள்.

"சாச்சி, நீங்க அழுதா இர்ஃபானுக்குத்தான் வேதனை. ஹதீஸ்ல இருக்கு."

பின்னால் நின்ற அம்மாவும் அதைக் கேட்டாள். சாச்சியின் அழுகை பாதியில் நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது. மகனுக்கு வலித்துவிட்டதா என்று பார்ப்பதுபோல அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அதன்பிறகு அவள் அழுது யாரும் பார்க்கவில்லை.

சில மாதங்கள் கழித்து வகுப்பில் அதே ஹதீஸ் மறுபடி வந்தது. இந்தமுறை ஆசிரியர் அதோடு நிறுத்தவில்லை. அதைக் கேள்விப்பட்ட நபியின் மனைவி ஆயிஷா நாயகி, ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லையே என்று குர்ஆனைக் காட்டி மறுத்ததைச் சொன்னார். கண்ணீர் வேறு, மாரடித்துக் கூச்சலிடுவது வேறு என்றார். நஸ்ரின் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

மறுநாள் சாச்சிக்குப் போன் செய்தாள். ஊரில் மழையா என்று கேட்டாள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டாள். வைத்துவிட்டாள். பெருநாளுக்கு வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பெருநாளும் வந்தது. சாச்சி வட்டலப்பம் வைத்துக் கொடுத்தாள், இவள் சாப்பிட்டாள். ஆறிப்போனதை எதற்குக் கிளற வேண்டும் என்று அப்போது தோன்றியது.

வாசலில் திடீரென்று ஓலம் கேட்டது. எதிர்வீட்டுத் தங்கம்மாள், நடவு வயலிலிருந்து சேற்றுக்காலோடு ஓடி வந்திருந்தாள்.

"என் அண்ணே... காலையிலகூட என்ன தங்கம், நாத்து பத்துமான்னு கேட்டுட்டுப் போனீங்களே..."

அஸார் அவளை அமர்த்தப் போனான். அம்மா கையைத் தூக்கி, வேண்டாம் என்று சைகை செய்தாள். தங்கம்மாள் அழுது ஓயும்வரை அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசித்தவள் அடுத்தவர் இலையைப் பார்ப்பது போலிருந்தது நஸ்ரினுக்கு.

அவள் அம்மாவின் காதருகே குனிந்தாள். சொல்ல வேண்டியது முழுதும் மனதில் இங்கிலீஷில் வரிசையாக இருந்தது. தமிழில் ஒரு சொல்கூட உடனே வரவில்லை.

"அம்மா... நம்ம நபி ரசூலுல்லாவே அழுதாங்கம்மா. அவங்க சின்னப்புள்ள, கையில வச்சிருக்கும்போதே உசுரு போச்சு. கண்ணுல தண்ணியா வந்துச்சு. கூட இருந்தவங்க, நீங்களுமான்னு கேட்டாங்க. இது இரக்கம்னு ரசூலுல்லா சொன்னாங்க. அழலாம்மா. தப்பில்ல."

அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

நஸ்ரின் அத்தாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னிக்கித்தான் தெரியுமா?"

"இல்ல. இர்ஃபான் மவுத்தான வருஷமே."

"ஹாஜராகிட்ட சொன்னியா?"

"இல்லம்மா."

அம்மா அத்தாவின் நெற்றியில் கை வைத்தாள். அங்கிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள்.

"கொல்லையில இருக்கா. போயி சொல்லு."

"அம்மா, மொதல்ல நீ... தூக்கிட்டுப் போக சந்தூக் வந்துரும்."

"அவகிட்ட சொல்லிட்டு வா. நா இருக்கேன்."

கூடத்திலிருந்து பார்த்தால் கொல்லைப்பக்கம் நேராகத் தெரியும். சாச்சி குழாயடியில் குந்தி, வந்தவர்களுக்கு டீ கொடுத்த டம்ளர்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நஸ்ரின் எதிரில் போய் உட்கார்ந்தாள். அம்மாவிடம் சொன்னதையே சொன்னாள். ஆயிஷா நாயகி மறுத்ததையும் சொன்னாள்.

"அன்னிக்கி நா உங்ககிட்ட சொன்னது தப்பு சாச்சி. அரையும் குறையுமாப் படிச்சிட்டு சொல்லிட்டேன். அப்புறம் தெரிஞ்சிது. தெரிஞ்சும் சொல்லல."

சாச்சியின் கை நின்றது. குழாய்த் தண்ணீர் டம்ளரில் நிறைந்து வழிந்தது. அவள் குழாயை மூடினாள்.

"நீ சொல்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் அழுதுட்டேன்ல" என்றாள். "அதுக்கு அவனுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?"

நஸ்ரின் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் ஆயிருக்காது சாச்சி."

"எவ்வளவு நேரம் அழுதேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாப்பேன். சரியா நெனவு வரல." சாச்சி தலையை ஆட்டிக்கொண்டாள். "சரி. ஒண்ணும் ஆகலைன்னா சரி."

வாசலில் சந்தூக்கை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. கலிமா சொல்லியபடி ஆண்கள் உள்ளே வந்தார்கள். அப்போது கூடத்தில் அம்மாவின் குரல் எழுந்தது. முதலில் இருமல் மாதிரி. பிறகு, நஸ்ரின் இதுவரை கேட்டிராத ஒரு குரலாக. யாரோ, சபூர், சபூர் என்றார்கள். அது நிற்கவில்லை.

நஸ்ரின் சாச்சியின் முழங்கையைப் பிடித்தாள். "நீங்களும் அழுங்க சாச்சி."

சாச்சி கூடத்துப் பக்கம் காது கொடுத்திருந்தாள்.

"எனக்கு இப்ப வரலம்மா" என்றாள்.

சந்தூக் தெருவில் இறங்கி, கலிமாச் சத்தம் பள்ளிவாசல் பக்கம் தேய்ந்து போனது. நஸ்ரினுக்கு எழுந்து போகத் தோன்றவில்லை. கழுவாமல் கிடந்த டம்ளர் ஒன்றை எடுத்தாள். சாச்சி சோப்புக் கிண்ணத்தை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள்.