துணி காயும் அறையில் அப்பமா

சுவிஸ் நகரமான வின்டர்தூரில் உயிரியல் படிப்பிக்கும் கோபிஷா வீட்டுக்கு அன்று மாலை விருந்தாளிகள். மார்கழிக் குளிரில் குசினி ஐஸ்பெட்டியாகக் கிடந்தது; அப்பமா பொங்க மறுத்தது. கட்டடத்திலேயே சூடான இடம் நிலவறையில் துணி காயும் அறைதான். அன்று சனிக்கிழமை, அங்கே துணி துவைத்துக் காயவிட அவளுடைய முறை. வேறு ஒருவரும் அங்கே வரக்கூடாது. மா வாளியை அங்கே கொண்டுபோய் வைக்க முடிவெடுத்தாள்.

ஆனால் கீழ்வீட்டுத் திருமதி பூர்க்கிக்கு மூக்கு நீளம். படிக்கட்டில் சப்பாத்து வைத்ததற்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மிக்சி போட்டதற்கு ஒன்று என்று ஏற்கனவே அவள் கொடுத்த இரண்டு முறைப்பாடுகள். மூன்றாவது வந்தால் வீட்டை விட வேண்டியதுதான் என்று கட்டட நிர்வாகம் எழுதியே விட்டது.

"வாளி மூடியை நல்லா இறுக்குங்கோ. புளிச்ச மணம் வெளியில போச்சுதெண்டா துலைஞ்சம்," என்றாள் கணவனிடம்.

"வெடிக்காதோ?" என்றான் பஸ் ஓட்டும் தினேசன்.

"உயிரியல் டீச்சர் நானோ நீங்களோ?"

அதே வாரம்தான் வகுப்பில் விளக்கியிருந்தாள். ஒட்சிசன் இருக்கும்வரை, அப்பமாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் சீனியை முழுதாக எரித்து நிறையச் சக்தி எடுக்கும். ஒட்சிசன் தீர்ந்தால் அரைகுறையாக உடைத்து, கிடைத்த கொஞ்சச் சக்தியோடு சமாளிக்கும். அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் வெளியே தள்ளும். இறுக்கி மூடிய வாளிக்குள் அந்த வாயு எங்கே போகும்? படித்த மனுசி செய்கிற வேலையா இது!

முற்பகல் பதினொரு மணிக்குக் கீழே 'டமார்' என்றது. கோபிஷா நாலு மாடியும் ஓடி இறங்கினாள்.

சுவரில் மா, கூரையில் மா. அது போகட்டும். காலையில் வெறுமையாக இருந்த கொடியில் இப்போது யாருடையவோ ஆறு வெள்ளை விரிப்புகள், அவற்றிலும் மா. நடுவில் திருமதி பூர்க்கி, தலையெல்லாம் மாவோடு. வீடு போச்சு என்று கோபிஷாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

திருமதி பூர்க்கி கத்த வாயெடுத்தவள் கதவைப் பார்த்தாள், நிறுத்திக்கொண்டாள். கதவில் சலவைப் பட்டியல். சனி: கோபிஷா. செவ்வாய்: பூர்க்கி. அதைத் தன் கையால் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியதே அவள்தான்.

"இதெல்லாம்," என்றாள் விரிப்பைச் சுரண்டியபடி, "நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டிய விஷயமா என்ன?"

"இல்லவே இல்லை," என்ற கோபிஷா, ஆறு விரிப்புகளையும் அள்ளிச் சலவை மெஷினுக்குள் போட்டாள். இன்று அவளுடைய முறைதானே.