பிறந்த வீட்டுக் கூட்டம்

குங்குமச் சிமிழை நீட்டிய கையோடு வரலட்சுமி கேட்டாள்: "ஏனம்மணி, உம்பட பொறந்த ஊடு எந்தக் கூட்டம்?"

பெருந்துறைக்குக் குடிவந்த நாளிலிருந்து பிரவீனா இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். கேட்டவள் மீது குற்றமில்லை. வரலட்சுமி, வீட்டுக்காரம்மா சாந்தாமணியின் நாத்தனார். பேரனின் காதுகுத்துக்கு அழைக்க அவிநாசியிலிருந்து வந்தவள், மாடியில் குடியிருக்கும் பெண்ணையும் ஒரு வார்த்தை கூப்பிடலாமென்று சாந்தாமணியோடு படியேறிவிட்டாள். கூட்டம் என்பது கவுண்டர்களுக்குள் குலப்பிரிவு; ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை. வேறு கூட்டமென்றால்தான் கல்யாண முறை. அது தெரிந்தால்தானே மகளா மருமகளா என்று கூப்பிட வாய் வரும்? கவுண்டர் வீடுகளில் பெயரைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள்.

பிரவீனா கவுண்டச்சி இல்லை. சங்கதியே அதுதான். தன் சாதியைச் சொல்லியிருந்தால் இந்த வீடென்ன, இந்தத் தெருவே கிடைத்திருக்காது. அவள் புருஷன் சுரேந்தர் தன் கூட்டத்தை உள்ளபடி சொல்லி, ஊரை மட்டும் பல்லடம் என்று மாற்றிச் சொல்லி வீடு பிடித்தான். அவன் சொந்த ஊர் அவிநாசிக்குப் பக்கம். அவனுடைய பெரியப்பன், சாதி மாறிக் கட்டிக்கொண்டதற்காக இருவரையும் கண்ட இடத்தில் தீர்த்துக்கட்டுவதாக ஊரறியச் சொல்லிவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அம்மாவோடு போனில் பேசும்போதுகூடப் பேச்சு கீழே கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசுவாள் பிரவீனா. ஆனால் சாந்தாமணி 'கண்ணு' என்று கூப்பிட்டுச் சமையலறை வரை விடுவதும், தெருவில் பெரியவர்கள் மரியாதையாகப் பேசுவதும் அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. பாழாய்ப்போன மனசு, பொய்க்குக் கிடைத்த மரியாதை என்று தெரிந்தும் அதற்கு ஏங்கியது.

"கேட்டா செல்லன் கூட்டம்னு சொல்லிப்போடு" என்று சுரேந்தர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். பயத்தில் நாக்கு புரண்டது.

"காடை கூட்டமுங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அது சுரேந்தரின் கூட்டம். எந்தக் கவுண்டச்சியும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்யாத தப்பு.

வரலட்சுமி சிரித்துவிட்டாள். "உன்ற ஊட்டுக்காரனும் காடைன்னு சாந்தா சொன்னாளே? அண்ணந் தங்கச்சியாவா கட்டிக்கிட்டீங்க?"

யாரும் கூடச் சிரிக்காததால் அவள் சிரிப்பும் நின்றது. "சின்னப்புள்ள, கட்டிக் குடுத்த ஊட்டச் சொல்லிப்போட்டா. நீங்க வாங்க" என்றாள் சாந்தாமணி. அவள் பிரவீனாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

வரலட்சுமி சுவரில் இருந்த கல்யாணப் படத்துக்கு அருகே போனாள். "இந்தப் பையன எங்கியோ பாத்திருக்கறனே..." என்றாள். பிறகு குங்குமம் கொடுக்காமலே சிமிழை மூடிக்கொண்டு இறங்கினாள்.

பிரவீனா கதவைத் தாழிட்டுவிட்டுச் சுரேந்தரை அழைத்தாள். எடுக்கவில்லை. கம்பெனிக்குள் நுழையும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் மறுபடி மறுபடி அழைத்தாள். அய்யோ, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை தவறிப்போயிற்றே!

கீழே வரலட்சுமியின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜன்னல் ஓரம் ஒண்டிக்கொண்டு பார்த்தாள். பகலில் பூட்டியே பழக்கமில்லாத வெளிக்கேட்டைச் சாந்தாமணி இழுத்துச் சாத்திப் பூட்டினாள். போன் அவள் காதில் இருந்தது.

"ஆமாங்க, உள்ளதான் இருக்கறா. வெரசா வாங்க."

யாரை வரச் சொல்கிறாள்? காப்பாற்றவா, காட்டிக்கொடுக்கவா? சாந்தாமணி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தாள். பிரவீனாவின் கையிலிருந்த போனில் சுரேந்தரின் எண்ணுக்கு மணி போய்க்கொண்டே இருந்தது.