பன்னிரண்டு பாகம் கயிறு

1973 ஜூன் மாதம் இசபெல்லாவின் இடுப்பில் கட்டிவிட்ட பன்னிரண்டு பாகம் கயிறு ஸ்பெயின் வரைக்கும் எட்டியது. கடலடியில் சங்கு குளிப்பவர்கள் வாங்குகிற சாதாரணக் கயிறுதான்; இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். ரயில் மணியாச்சியைத் தாண்டும்போதே தீர்ந்துவிடும் என்று நினைத்தார்கள், தீரவில்லை. பம்பாயில் விமானம் ஏறியபோதும் தீரவில்லை. வீட்டு ஜன்னல் வழியாக வெளியேறி, தெருவைக் கடந்து, சுங்க அலுவலகத்தை ஒட்டிக் கடலுக்குள் இறங்கிக் கிடந்தது. புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போன லாரிகள் அதன் மேல் ஏறி இறங்கின. சுங்க அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, சொந்த உபயோகம் என்று எழுதிக்கொண்டு போனார்.

இசபெல்லா பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி. கல்லூரிக் கன்னியாஸ்திரீகளின் ஏற்பாட்டில், வீகோ என்ற துறைமுக ஊரில் ஒரு குடும்பத்தோடு மூன்று மாதம் தங்கி ஸ்பானிய மொழி படிக்கப் போனாள். அவள் அண்ணன் ரோச் சங்கு குளிப்பவன். அந்தக் கரையில் கடலடிக்கு இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் சகோதரன்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவனுக்குச் சொத்தில் கண் இருக்கலாம், மச்சானுக்குத் தன் சகோதரி தாலி அறுக்கக் கூடாது என்ற பயம் இருக்கும். ரோச்சின் கயிறு அவன் மனைவி பிளாரன்ஸின் தம்பி மனுவேலிடம் இருந்தது. பெண்பிள்ளை இறங்கினால் யார் பிடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. இசபெல்லாவின் தாய் அமலோற்பவம் ஒரு நாள் முழுக்க யோசித்து, மகன் கயிறு தம்பி மனுவேலிடம் என்றால் மகள் கயிறு அவன் அக்காள் பிளாரன்ஸிடம் என்று முடிவு செய்தாள். விதிகள் இரண்டே. கயிற்றைத் தூணில் கட்டக் கூடாது, உடம்பில்தான் இருக்க வேண்டும். ஒரு முறை சுண்டினால் கேள்வி கேட்காமல் இழுக்க வேண்டும்.

பிளாரன்ஸ் அதை இடது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். மீன் கழுவும்போது முழங்கைக்கு ஏற்றிக்கொள்வாள். இரண்டாம் நாளே உள்ளங்கையில் அந்த ஊர்க் குளிர் தெரிந்தது. பிறகு, அந்த ஊர்ச் சாப்பாட்டை விழுங்க முடியாத இசபெல்லாவின் தவிப்பு. நான்காம் நாள் மதியம் இரண்டரை மணிக்கு, அதாவது அங்கே வகுப்பு தொடங்குகிற நேரத்தில், சொற்கள் வரத் தொடங்கின. உப்பு நீரில் ஊறி, ஒவ்வொன்றாக, கயிற்றின் முறுக்குகளில் ஒட்டிக்கொண்டு வந்தன. கதவு, ரொட்டி, நேற்று, எனக்குப் புரியவில்லை. பிளாரன்ஸ் ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவள். நிறுத்தியதில் அவளுக்கு வருத்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இரண்டரை மணிக்கு முன்னால் அடுப்பு வேலையை முடித்துவிட வேண்டும் என்று தனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்பதை மட்டும் கவனித்தாள்.

மூன்றாவது வாரம் கயிறு சுண்டியது. பிளாரன்ஸ் இழுக்கவில்லை. மறுநாள் மூன்று முறை சுண்டியதில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

“ஏளா, எம்புள்ள சுண்டுதா, நீ கல்லு மாதிரி இருக்க?” என்றாள் அமலோற்பவம்.

“கையிதான் சுண்டுது மாமி. காலு தரைய உதைக்கல.”

“அங்கன என்ன கடலா கெடக்கு உதைக்க?”

மேலே வர நினைக்கிறவன் கடலடி மணலை உதைப்பான், கயிறு ஒரு கணம் லேசாகும், பிடித்திருப்பவனுக்கு அது தெரியும். இசபெல்லாவின் கயிறு லேசாகவே இல்லை. ஆனால் அதைக் காரணமாக ஏற்க ஊர் தயாராக இல்லை. கயிறு சுண்டியும் இழுக்காத கை அந்தக் கரையில் அதுவரை இருந்ததில்லை. “ஏலே ரோச், அக்கா கை தூங்கினா தம்பி கையும் தூங்கும்லே” என்று வள்ளத்தில் சொன்னார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். ரோச் அன்றைக்கே கரையேறிவிட்டான். “நீ இழு, நாளைக்கே நான் கடலுக்குப் போறேன். இல்லன்னா ஒந்தம்பிய நம்பி எறங்க எனக்கு என்ன கிறுக்கா?” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பதினெட்டு நாள் வீட்டிலேயே கிடந்தான். மனுவேல் வாசல் வரை வந்து, உள்ளே கூப்பிடாததால் திரும்பிப் போனான். அமலோற்பவம் தானே இழுத்துப் பார்த்தாள். அவள் கைக்கு அது வெறும் பன்னிரண்டு பாகம் கயிறாகத்தான் இருந்தது.

பிளாரன்ஸுக்கு அந்த நாட்களில் ஒரே ஒரு சந்தேகம். கால் உதைக்காததால் இழுக்கவில்லையா, மதியங்களை இழக்க மனமில்லாமல் இழுக்கவில்லையா? இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றாள். கயிற்றின் இரண்டு புரிகளைப் போல அவை ஒன்றை ஒன்று சுற்றியிருந்தன. அவள் தவறாகக் கணித்திருந்தால் நாத்தனார் அங்கே மூச்சுமுட்டிக்கொண்டிருக்கிறாள். அது நினைவுக்கு வரும்போதெல்லாம் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நூறு வரை எண்ணினாள். எந்த மொழியில் எண்ணினாள் என்பதைப் பிறகுதான் கவனித்தாள்.

பதினெட்டாம் நாள் கயிற்றில் வேறு ஒரு கனம் வந்தது. வீகோவில் அந்த வீட்டுக்காரர் செவரினோ, கடலில் மரத்தெப்பம் கட்டி, அதிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டு, அவற்றில் மட்டிச் சிப்பி வளர்ப்பவர். கயிறு கட்டிய பெண் வீட்டுக்கு வந்ததில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. இத்தனை நாளாக அது படிக்கட்டில் உராய்வது மட்டும் பிடிக்காமல், அன்று எடுத்துத் தெப்பத்தின் வழியாக ஒழுங்காகப் போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்து இசபெல்லா சிரித்தாள். அந்தச் சிரிப்பு மூன்று கடல் தாண்டி வந்து பிளாரன்ஸின் மணிக்கட்டைக் குலுக்கியது. ரோச் எதிரே உட்கார்ந்து பழைய சோறு தின்றுகொண்டிருந்தான். தங்கச்சி சிரிக்கிற மாதிரியே கயிறு ஆடுவதைச் சிறிது நேரம் பார்த்தான். கையைக் கழுவிவிட்டு, “மனுவேல் எங்கன இருக்கான்?” என்று கேட்டான்.

செப்டம்பர் முதல் வாரம் கயிறு ஒரே ஒரு முறை, மெதுவாகச் சுண்டியது. உடனே லேசாகியது. பிளாரன்ஸ் இழுக்கத் தொடங்கினாள். இரண்டு பகல் இழுத்தாள். கடைசிப் பாகங்களில் கருநீல மட்டிகள் கொத்துக்கொத்தாய் ஒட்டியிருந்தன. அவற்றை அமலோற்பவம் புளி விட்டு வைத்து அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தாள். இசபெல்லா பெட்டியோடு, கொஞ்சம் பருத்து, தலை மட்டும் நனைந்து வந்து சேர்ந்தாள்.

“பத்து நாளு ஒங்களத் திட்டினேன் மதினி. அப்புறம் அவங்க பாஷையில வார்த்தை கெடச்சுது, அதுலயும் திட்டினேன்” என்றாள்.

“கேட்டுச்சு” என்றாள் பிளாரன்ஸ். பிறகு, அந்த வசவுகளில் ஒன்று ஆண்பிள்ளைக்குச் சொல்வது, பொம்பளைக்கு வேறு மாதிரிச் சொல்ல வேண்டும் என்று ஸ்பானிய மொழியிலேயே திருத்தினாள். இசபெல்லா பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் செவரினோவின் மனைவியிடமிருந்து கடிதம் வந்தது. கயிற்றின் மறுமுனையில் இருந்த பெண்ணுக்கும் தங்கள் வீட்டில் ஒரு கட்டில் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். ரோச் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய கயிறே போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா என்று மட்டும் கேட்டான். ஜூன் மாதம் இசபெல்லா அதை மதினியின் இடுப்பில் கட்டினாள். மறுமுனை யாருக்கு என்று இந்த முறை யாரும் யோசிக்கவில்லை. சுங்க அதிகாரி சைக்கிளை விட்டு இறங்கி, கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கடந்து போனார்.

மூன்றாவது வாரம் கயிறு சுண்டியது. இசபெல்லா புத்தகத்தை மூடிவிட்டு, கையை இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். கயிறு லேசாகவில்லை. அவள் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.