அடி வாங்கப் போன துரியோதனன்

"ரெண்டு நாள் லீவு வேணும் பாய்."

"எதுக்குடா?"

"அடி வாங்கப் போறேன்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த ஹயாத் பாஷா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சடையனைப் பார்த்தார். கள்ளக்குறிச்சியில் அவர் நடத்தும் அரிசி மண்டியில் பன்னிரண்டு வருஷமாக மூட்டை தூக்குகிறவன். வாய் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டான். இன்றைக்கு என்னவோ காது வரைக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"யார்ரா அடிக்கிறது?"

"களமருதூர் பொம்பளைங்க பாய். தொடப்பத்தால."

"அடப்பாவி! இன்னா தப்புடா பண்ண?"

"இன்னும் பண்ணல பாய். இனிமேதான்."

விஷயம் இதுதான். பகலில் மூட்டை தூக்கும் சடையன், கூத்துக் காலம் வந்தால் பெண் வேஷம் கட்டுவான். கல்வராயன் மலையடிவாரத்துக் கூத்து ஜமா ஒன்றில் பதினாலு வருஷமாக அவன்தான் பாஞ்சாலி. முதல் வருஷம் கொடி மாதிரி இருந்தான். அப்புறம் மண்டி மூட்டைகள் அவன் கழுத்தை உரலாக்கின. தோளில் இரண்டு தேங்காய் முளைத்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் ரவிக்கை எங்காவது பிரியும். சேலையை உருவ வரும் துச்சாதனனை ஒரு கையால் தூக்கி வைத்துவிடுவானோ என்று பார்க்கிறவனுக்கே பயமாக இருக்கும். ஆனால் தொண்டை மட்டும் அப்படியே இருந்தது. சபை நடுவில் நின்று கண்ணனைக் கூப்பிட்டு அழுதான் என்றால் பெண்கள் மாரில் அடித்துக்கொள்வார்கள். அதனால் யாரும் அவனைச் சேலையிலிருந்து விடவில்லை. அவனுக்கோ கிரீடத்தின் மேல் கண். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, காலில் சலங்கை, நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்றி ஒரு அதட்டல். சாவதற்குள் ஒரு தடவை துரியோதனன்.

இந்த வருஷம் துரியோதனன் வேஷக்காரன் முனியன் கட்டட வேலைக்கென்று பெங்களூருக்கு ரயிலேறிவிட்டான். சடையன் போய் வாத்தியார் தெய்வசிகாமணி முன்னால் நின்றான். ஜமாவை நடத்துகிறவர், பாட்டு அவர் வாயில், தாளம் அவர் கையில். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"களமருதூர்ப் படுகளத்துல கட்டிப் பாரு. பொம்பளைங்க தொடப்பத்த எடுத்து அடிச்சாங்கன்னா நீ துரியோதனன். அடிக்கலன்னா அடுத்த வருஷம் பழையபடி பொடவ. அப்பறம் எங்கிட்ட மூக்கால அழக்கூடாது."

துரோபதையம்மன் திருவிழாவில் கடைசி நாள் படுகளம். பொழுது விடிந்து வெயில் ஏறியதும் கோயில் திடலில் நடக்கும். தரையில் முப்பதடி நீளத்துக்குக் களிமண்ணில் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். வேஷம் கட்டிய துரியோதனனைப் பீமன் துரத்துவான். ஊர்ப் பெண்கள் வழியில் நின்று, பாஞ்சாலியைச் சபையில் அவமானம் பண்ணின பாவியைத் துடைப்பத்தால் சாத்துவார்கள். வருஷம் முழுக்க யார் யார் மேலோ இருந்த கோபமெல்லாம் அன்றைக்கு அவன் முதுகில் இறங்கும். வாங்குகிற அடிதான் நடிகனுக்கு மார்க்கு. முனியன் ஒரு வருஷம் முதுகில் ஈர்க்குச்சி குத்தி வீங்கி, ஒரு மாசம் குப்புறப் படுத்தே தூங்கினான். அந்தப் பெருமையை இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

படுகளத்தன்று காலை சடையன் களத்தில் இறங்கினான். முகத்தில் சிவப்பு அரிதாரம், கன்னம் வரைக்கும் மீசை. மத்தளம் அதிர, ஏழு சுற்று சுற்றி நின்று, மீசையை முறுக்கி, வயிற்றிலிருந்து ஒரு சத்தம் விட்டான். புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பின. மரத்தடியில் குடை பிடித்தபடி நின்ற ஹயாத் பாஷா கை தட்டினார். மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

பெண்கள் வரிசையாக நின்றார்கள். கையில் துடைப்பம், முறம். முன்னால் சாலம்மாள். ஊரின் நடவு ஆட்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி, இருபது பெண்கள் அவள் சொன்னால் சேற்றில் இறங்குவார்கள். சடையன் முதுகை வாகாகக் காட்டிக்கொண்டு அவளிடம் ஓடினான்.

சாலம்மாள் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பிவிட்டாள்.

"தாயே! நீயா?"

சடையனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தாயி இல்லடி, நான் துரியோதனன்!"

"எந்த வேசத்துல வந்தா இன்னா, எங்களுக்குத் தெரியாதா? பாஞ்சாலியா நின்னு நீ குடுத்த துண்ணூறுலதான எங்க ரெண்டாவது புள்ள நின்னுச்சி." அவள் குடத்து மஞ்சள் தண்ணீரை அவன் சலங்கைக் காலில் ஊற்றினாள். பின்னால் இருந்தவர்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி கற்பூரம் கொளுத்தினாள்.

சடையன் அடுத்தவளிடம் ஓடினான். அவள் கைக்குழந்தையை அவன் புஜக்கட்டை மேல் உட்கார வைத்தாள். குழந்தை மீசையைப் பிடித்து இழுத்தது. பாதி மீசை அதன் கையோடு போயிற்று. அவன் கோபத்தில் ஒரு குடத்தை எட்டி உதைத்தான்.

"ஆத்தா கோவமா இருக்கா," என்று ஒரு கிழவி இன்னொரு கற்பூரம் ஏற்றினாள்.

அந்தப் பக்கம் புதுப் பாஞ்சாலி தனசேகரன், புதுச் சேலையும் பூவுமாக நாற்காலியில் காத்திருந்தான். அவனை ஒரு ஈ கூடச் சீண்டவில்லை. "யோவ் அண்ணே, நான்தான்யா பாஞ்சாலி!" என்று கத்தினான். பீமன் வேஷம் கட்டிய பூமாலை கதாயுதத்தோடு பின்னால் ஓடி ஓடி மூச்சு வாங்கினான். "சீக்கிரம் அடி வாங்கித் தொலடா! மண்ணு கால சுடுது!"

"எவளும் தரமாட்டேன்றாளுங்கடா!"

வாத்தியார் தாளத்தைத் தட்டிக்கொண்டே உதட்டோரம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு சேலையே மடித்து வைத்திருந்தது.

சடையன் திட்ட ஆரம்பித்தான். "உங்க கொழம்ப நாய் மோந்து பாக்குமாடி?" என்றான். "எங்க வூட்டுக்காரும் அதத்தான் சொல்றாரு," என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மூஞ்சப் பாரு, அடுப்புச் சட்டி!" என்றான். "ஆத்தா வாயால எது சொன்னாலும் வாழ்த்துதான்," என்றாள் சாலம்மாள். ஹயாத் பாஷா மரத்தடியில் தலையில் கை வைத்தார். "என் ஆளு தோத்துட்டான்யா," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

கண்ணில் வேர்வை இறங்க, சடையன் நிமிர்ந்து பார்த்தான். திடலை ஒட்டிக் கழனி. நட்டுப் பத்து நாளான பயிர், பச்சை பிடித்து நின்றது. கயிறு பிடிக்காமலே கயிறு பிடித்த மாதிரி வரிசை.

சடையனின் அம்மா நடவுக்காரி. இடுப்பு ஒடிய நட்டுவிட்டு வருவாள். சோறு குழைந்தது என்றால் சிரிப்பாள், கறுப்பி என்றால் சிரிப்பாள். அவள் நட்டது கோணல் என்று அப்பன் ஒருநாள் விளையாட்டாகச் சொல்லிவிட்டான். மூன்று நாள் வீட்டில் உலை ஏறவில்லை.

சடையன் இடுப்பில் கை வைத்தான். கழனிப் பக்கம் கையை நீட்டினான்.

"அத நட்டது எவடி? ஒரே கோணலு!"

முகவீணைக் குழல் பாதி மூச்சில் நின்றது. குலவை தொண்டையிலேயே தங்கியது.

"இன்னா சொன்ன?" என்றாள் சாலம்மாள்.

"கோணல்னேன். மாடு நடந்துகினே மூத்தரம் பேஞ்ச மாதிரி போவுது!"

முதல் அடி கிரீடத்தில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. அதற்குள் இருபது துடைப்பம் வந்துவிட்டன. "சேத்துல நின்னு பாருடா ஒருநாளு!" "கோணலாடா, கோணலா?" "கட்டையில போறவனே!" முறம் வந்தது. ஒரு செருப்பும் வந்தது. சடையன் ஓடினான், சுற்றினான், குதித்தான். ஒவ்வொரு அடிக்கும் "ஐயோ" என்று கத்தினான். வாயில் சிரிப்பு பொங்கி ஐயோவெல்லாம் ஐஹோஹோ என்று வந்தது. இத்தனை வருஷம் மூட்டை சுமந்த முதுகு, முதல் தடவையாகத் தனக்கு வேண்டியதைச் சுமந்தது. ஹயாத் பாஷா குடையைத் தூக்கி எறிந்துவிட்டு, "போடு! இன்னும் போடு! ஜாஸ்தியா போடு!" என்று குதித்தார்.

சடையன் மண் துரியோதனன் மேல் ஏறியதும் பூமாலை அந்த மண் தொடையில் ஓங்கி அடித்தான். தொடைக்குள் புதைத்திருந்த சிவப்புத் தண்ணீர்ச் சட்டி உடைந்தது. சடையன் மல்லாந்து விழுந்து செத்தான். தனசேகரன் வந்து, அந்தச் சிவப்பைத் தொட்டுக் கூந்தலை முடிந்தான். பெண்கள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"செத்தவன அடிக்காதீங்கம்மா! வுடுங்க!" வாத்தியார் ஓடிவந்து குறுக்கே நின்றார். குனிந்து பிணத்தின் காதில், "கிரீடம் நசுங்கிப் போச்சு. அடுத்த வருசம் உன் மண்டைக்குத் தக்கன பெருசா செய்யணும்," என்றார்.

பிணத்தின் வயிறு குலுங்கிற்று.

சாலம்மாள் மட்டும் நகரவில்லை. மூச்சு வாங்க, அவன் தலைமாட்டில் குந்தினாள். குரல் இறங்கிவிட்டது.

"நெசமாவே கோணலா? எங்கன்னு மட்டும் சொல்லிடு. எனக்கு ராவுக்குத் தூக்கம் வராது."

அவள் கண்ணைப் பார்த்ததும் சடையனுக்கு என்னவோ போல் ஆயிற்று. கோணல் எதுவும் இல்லை, நூல் பிடித்த மாதிரி இருக்கிறது என்று சொல்ல வாய் எடுத்தான். சொன்னால் மறுபடியும் கால் கழுவுவாள். வாத்தியார் பக்கத்திலேயே நிற்கிறார். ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

"வரப்புலேர்ந்து நாலாவது வரிச," என்றான்.

சாலம்மாள் எழுந்து கழனியைப் பார்த்து விரல் விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"அடேய்! அது நான் நட்டதுடா!"

துடைப்பம் மேலே போனது. செத்த துரியோதனன் எழுந்து ஓட ஆரம்பித்தான். செத்தவன் ஓடினால் என்ன தாளம் என்று மத்தளக்காரருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, இருப்பதிலேயே வேகமானதைப் பிடித்தார்.